ஒட்டினால் போதாது, தைக்கவும் வேண்டும்

(நூற்றாண்டுத் தொடக்கக் கூட்டத்தில் எமது சங்கத்தின் தையல் வட்டத்தினர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வரமுடியாமற்போன பழைய மாணவிகளும் கடல் கடந்து வாழ்பவர்களும் பயன்பெறும் பொருட்டு இங்கு தரப்படுகிறது.)





சங்கத்தின் நூறாவது ஆண்டை முன்னிட்டு, எங்கள் மண்டபச் சுவரில் தொங்கவிடுவதற்கு ஒரு குவில்ற் செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பொறுப்பு தையல் வட்டத்தினராகிய எங்களிடம் தரப்பட்டிருக்கிறது. குவில்ற் என்பது மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சுப் படை, அடியில் இன்னொரு துணி என மூன்றையும் ஊடறுத்துத் தைத்த போர்வை. எங்களுடையது சுவரில் தொங்குவது. நூறு ஆண்டுக்கு நூறு சதுரம். ஒவ்வொரு சதுரமும் 8 அங்குலம். பத்து வரிசை, வரிசைக்குப் பத்துச் சதுரம் என்று இணைத்தால் 80 அங்குல நீளமும் 80 அங்குல அகலமும் கொண்ட ஒரு துணி கிடைக்கும். அதன் மேல் முழுவதும் வெள்ளைக் கோட்டில் சிக்குக் கோலம் ஓட வேண்டும் என்பதே திட்டம்.

அந்த வெள்ளைக் கோட்டை எதனால் போடுவது என்பதே இன்றைய எங்கள் பேச்சின் பொருள். ஒட்டும் பயஸ் ரேப் என்ற ஒரு மெல்லிய துணி நாடாவை நாங்கள் தெரிவு செய்திருக்கிறோம். அது என்ன, ஏன் அதைத் தெரிவு செய்தோம், எப்படிக் கையாள்வது என்பவற்றைச் சொல்லிவிட்டு, உங்களிடம் ஒரு வேலையும் தரப்போகிறோம்.

முதலில் பயஸ் என்றால் என்ன என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். உங்கள் கைலேஞ்சியை எடுத்து, எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து நேராக இழுத்துப் பாருங்கள். துணி அசையாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். துணி நீண்டு கொடுக்கும். நேராக இழுக்கும்போது பாவு நூலோ ஊடை நூலோ அந்த இழுவையை நேரடியாகத் தாங்குகிறது. மூலைவாட்டில் இழுக்கும்போது இரண்டு நூல்களும் ஒன்றையொன்று சரிந்து இடம் கொடுக்கின்றன. ஆகவே, 45 பாகைச் சரிவில் வெட்டிய பட்டி வளைவுகளில் சுருங்காமல் படியும். சட்டையின் கழுத்துக்கும் கை இல்லாத சட்டையின் தோள் வட்டத்துக்கும் பயஸ் பட்டி வைத்துத் தைக்க எங்களுக்குக் கற்பித்தது இதனால்தான். நேர் இழையில் வெட்டிய பட்டியை ஒரு வட்டத்தில் வைத்துப் பார்த்தால் உள் ஓரம் முழுவதும் சுருக்கு விழும்.

ஒட்டும் பயஸ் ரேப் என்பது, இருபுற ஓரமும் உள்ளே மடிக்கப்பட்ட 6 மில்லிமீற்றர் அகலமான பயஸ் பட்டி. அதன் பின்புறத்தில் சூட்டில் இளகும் பசை ஒரு மெல்லிய வலைபோல் ஓடியிருக்கும். அதன்மேல் ஒரு கடதாசி இருக்கும். கடதாசியை உரித்து, துணியில் வரைந்த கோட்டின்மேல் நாடாவை வைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானின் குளோவர் நிறுவனம் செய்யும் நாடா இவ்வகையில் பலருக்கும் தெரிந்தது. ஒரு சுருள் ஏறத்தாழ 10 மீற்றர் வரும்.

இந்த நாடாவை அலங்காரத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் மேலைநாடுகளின் குவில்ற் வேலையில் இரண்டு வழியாக வளர்ந்திருக்கிறது. ஒன்று, தேவாலயங்களின் வர்ணக் கண்ணாடி யன்னல்களைப் பார்த்துச் செய்வது. அந்த யன்னல்களில் கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே ஈயப் பட்டிகள் கறுப்புக் கோடாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். துணியில் வர்ணத் துண்டுகளை அடுத்தடுத்து வைத்து, அவற்றின் வெட்டு ஓரங்களை கறுப்பு நாடாவால் மூடினால் அதே தோற்றம் வரும். துண்டுகளின் ஓரத்தை மடிக்கவே தேவையில்லை. நாடா இரண்டு ஓரத்தையும் ஒருசேர மறைக்கிறது. மற்றது அயர்லாந்தின் பழைய பின்னல் வடிவங்களைப் பார்த்துச் செய்வது. கி.பி. 800ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டு, இன்று டப்ளின் திரினிற்றிக் கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நூலின் பக்கங்களில், ஒரே கோடு மேலும் கீழுமாக நுழைந்து முடிச்சுகளாக ஓடுகிறது. அத்தகைய வடிவங்களை பயஸ் பட்டியால் துணியில் பதிப்பது குவில்ற் செய்வோரிடையே தனியொரு கலையாகவே இருக்கிறது.

அந்தப் படங்களைப் பார்த்தபோது எங்களில் ஒருவர், “இது எங்கட தைப்பொங்கல் முற்றமல்லோ” என்றார். புள்ளியைச் சுற்றி வளைந்து, தன்னைத் தானே வெட்டி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சிக்குக் கோலமும் அதே குடும்பத்தைச் சேர்ந்த கோடுதான். கூரிய மூலைகள் குறைவு, வளைவுகள் அதிகம், வெட்டுமிடங்கள் நிறைய என்பதால் பயஸ் நாடாவுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்காது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மாக்கோடு தன்னை வெட்டும்போது மேல் கீழ் என்று இல்லை. மாவின்மேல் மா விழுகிறது. நாடா வெட்டும்போது ஒன்று மேலாகவும் மற்றது கீழாகவும் போயாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பின்னர் சொல்கிறோம்.

இந்தத் திட்டத்தை வட்டத்தில் முன்வைத்தபோது ஒரு கேள்வி எழுந்தது. எங்கள் மூத்த அக்காமார் சிலர் கேட்டார்கள்: “பசை பூசின நாடாவை அயன் பண்ணி ஒட்டுறதும் ஒரு தையலோ? எங்களுக்குப் படிப்பிச்ச ரீச்சர் இருந்தால் என்ன சொல்லுவா?” அந்தக் கேள்வியை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. நூற்றாண்டுக்கென்று செய்து, எங்களுக்குப் பின்னும் சுவரில் இருக்கப்போகும் ஒன்றை ஒட்டி முடிப்பதா?

அதற்கு விடை, எங்களுக்கு ஆறாம் வகுப்பில் கற்பித்த முதற் பாடத்திலேயே இருக்கிறது. தையல்கள் இருவகைப்படும்: தற்காலிகத் தையல், நிரந்தரத் தையல். தற்காலிகத் தையல் என்பது துணியை உரிய இடத்தில் பிடித்து வைப்பதற்கு. நிரந்தரத் தையல் முடிந்ததும் அதை உருவி எடுத்துவிடுவோம். நூலோடாமல் நேரே மெசினில் வைத்தால் கையைத் தட்டி, “முதலில் நூலோடிக்கொண்டு வா” என்று திருப்பி அனுப்பியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒட்டும் நாடாவின் பசை செய்வது அந்த நூலோட்டத்தின் வேலையைத்தான். ஊசியும் குண்டூசியும் இல்லாமல் நாடாவை வளைவில் பிடித்து வைக்கிறது. உருவி எடுக்கும் வேலையும் இல்லை. அதற்குப் பிறகு நிரந்தரத் தையல் கட்டாயம் வர வேண்டும். பசையை மட்டும் நம்பி விட்டால் தோய்க்கும்போதும் மடித்து வைக்கும்போதும் வளைவுகளில் நாடா மெல்ல மெல்ல எழும்பத் தொடங்கும். எங்கள் காலநிலையின் வெக்கையும் ஈரமும் பசைக்கு நண்பர்களல்ல. ஆகவே எங்கள் விதி இதுதான்: ஒட்டியது தற்காலிகம், தைத்தது நிரந்தரம். ஒட்டியபடி வரும் சதுரத்தை நாங்களே தைத்தாவது சேர்ப்போமே தவிர, ஒட்டியபடியே சுவருக்கு அனுப்பமாட்டோம். இந்த விதியைக் கேட்டபின் அக்காமாரும் சம்மதித்தார்கள்.

இந்த நாடாவைத் தெரிவு செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுவே எங்களுக்கு முக்கியமானது. பழைய முறையில் ஒரு சதுரத்துக்கு 2 மீற்றர் நாடா வைக்க வேண்டுமானால், அந்த 2 மீற்றரையும் அங்குலத்துக்கு அங்குலம் குண்டூசி குத்தி, நூலோடி, அதன்பின் இரண்டு ஓரத்தையும் தைக்க வேண்டும். எங்கள் அங்கத்தவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். விரல் மூட்டுகள் வீங்கியவர்கள், கண்ணுக்கு வில்லை வைத்தவர்கள், சலரோகத்தால் விரல் நுனி மரத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் காம்புத் தையலும் சங்கிலித் தையலும் கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்களுக்கு இன்று குண்டூசியைப் பிடிக்க முடியவில்லை. அவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்யும் குவில்ற் இந்தச் சங்கத்தின் குவில்ற் ஆகாது. பக்கவாதம் வந்தபின் ஒரு கையால் மட்டும் வேலை செய்யும் எங்கள் அக்கா ஒருவர், பரீட்சார்த்தமாகச் செய்த முதற் சதுரங்களில் ஒன்றில், நாடா முழுவதையும் தாமே பதித்துத் தந்தார். இளையவர் ஒருவர் அதைத் தைத்து முடித்தார். அந்தச் சதுரத்தின் பின்புறத்தில் இரண்டு பெயர் இருக்கிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

அடித்துணி பருத்தியாக இருக்கட்டும். எங்கள் கல்லூரி வர்ணத்தில் கடும் நிறத் துணியைச் சங்கமே வாங்கி, வெட்டி, அனுப்பும். நிறம் எல்லாச் சதுரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதற்காகவே இந்த ஏற்பாடு. அனுப்புமுன் நாங்கள் அதைத் தோய்த்து, சாயம் போகவிட்டு, சுருங்கவும் விட்டிருப்போம். கடும் நிறத்தின்மேல் வெள்ளை நாடா வைக்கும்போது சாயம் இறங்கினால் எல்லா வேலையும் வீண். நாடாவுக்கு வெட்டும் வெள்ளைத் துணியையும் நீங்கள் ஒருமுறை தோய்த்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வெள்ளைச் சீருடையிலிருந்து நாடா வெட்டலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பருத்திச் சீருடையானால் தாராளமாக வெட்டலாம். பொலியெஸ்ரர் கலந்ததானால் வேண்டாம். ஓரத்தை மடித்து ஸ்திரிக்கை போட்டாலும் அது மடிப்பைப் பிடிக்காமல் திரும்பிவிடும். ஆனால் எங்களில் பலரிடம் சீருடையும் இல்லை, அணி புத்தகமும் இல்லை, வகுப்புப் படமும் இல்லை. வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. அப்படியானவர்கள் இதற்காக மனம் வருந்த வேண்டாம். எந்த வெள்ளைப் பருத்தித் துணியும் ஒன்றுதான். சுவரில் ஏறியபின் எது சீருடை, எது கடைத்துணி என்று ஒருவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஆயத்த நாடா கடையிலே கிடைக்கும். ஊரில் இருப்பவர்களுக்குச் சாதாரண பயஸ் ரேப் கிடைக்கும் அளவுக்கு ஒட்டும் வகை எளிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டில் செய்யும் முறையையும் சொல்கிறோம். ஒரு சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்து, மடிப்பு வழியே வெட்டுங்கள். அந்த வெட்டுக்குச் சமாந்தரமாக 12 மில்லிமீற்றர் அகலத்தில் பட்டிகளைக் கீறி வெட்டுங்கள். 6 மில்லிமீற்றர் நாடாவுக்கு அதன் இரு மடங்கு அகலம் வேண்டும். பயஸ் மடிக்கும் சிறு கருவி இருந்தால் பட்டியை அதற்குள் விட்டு இழுக்க இழுக்க, வாயில் மடிந்து வருவதை ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்திக்கொண்டே போகலாம். கருவி இல்லாவிட்டால், ஸ்திரிக்கை மேசைத் துணியில் ஒரு நீண்ட குண்டூசியைக் குத்தி, நடுவில் 6 மில்லிமீற்றர் மட்டும் வெளியே தெரியும்படி மறுபடியும் துணிக்குள் இறக்குங்கள். பட்டியின் நுனியை மடித்து அந்த இடைவெளிக்குள் நுழைத்து இழுத்தால் ஊசியே மடித்துத் தரும். கடதாசியில் ஒட்டிய பசைவலை கிடைத்தால் அதை 5 மில்லிமீற்றர் பட்டியாக வெட்டி நாடாவின் பின்புறத்தில் பதித்துக்கொள்ளலாம். பசைவலையும் கிடைக்காவிட்டால், அந்த நாடாவை நூலோடி வையுங்கள். ரீச்சர் சந்தோஷப்படுவா.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். சதுரத்துக்கு 2 மீற்றர் வீதம் நூறு சதுரத்துக்கு 200 மீற்றர் நாடா. ஆயத்த நாடா என்றால் இருபது சுருள். வீட்டில் செய்வதானால், 112 சென்ரிமீற்றர் அகலமான துணியில் இரண்டரை மீற்றர் அளவில் எல்லாமே முடிந்துவிடும். மூலைவாட்டில் வெட்டும்போது மூலைத் துண்டுகள் கழியும் என்பதையும் சேர்த்துத்தான் இரண்டரை என்கிறோம்.

இனிக் கோலம். உங்களுக்கு வரும் துணி எட்டரை அங்குலச் சதுரமாக இருக்கும். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும். ஒவ்வொரு பக்கத்தின் சரி நடுவிலும், அதாவது வெட்டு மூலையிலிருந்து நாலேகால் அங்குலத்தில், ஒரு சிறு குறி இட்டிருப்போம். நாடா அந்த நான்கு குறிகளால் வெளியே போக வேண்டும். உள்ளே எத்தனை புள்ளி வைப்பது, எத்தனை சுழி போடுவது என்பது உங்கள் விருப்பம். வெளியே போகும் இடம் மட்டும் உங்கள் விருப்பமல்ல. இப்படிச் செய்தால் ரொறன்ரோவில் தைத்த சதுரத்தின் கோடு மட்டக்களப்பில் தைத்த சதுரத்துக்குள் நேரே போய்ச் சேரும். சிறு அலகுகளை விதிப்படி அடுக்கிப் பெரிய கோலம் ஆக்கலாம் என்பது எங்கள் கண்டுபிடிப்பல்ல. கோலம் போடும் பெண்களுக்கு அது என்றும் தெரியும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிவ்ற் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரித்திவாசனும் 1974இல் கோலங்களின் இலக்கணத்தைக் கணினியியலோடு இணைத்து ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.

நூறு சதுரத்தை இணைக்கும்போது கோடும் கோடும் சந்திக்கும் இடங்கள் 180. நாடாவின் அகலம் 6 மில்லிமீற்றர். ஒரு சந்தியில் 3 மில்லிமீற்றர் விலகினால் பாதி நாடா விலகிவிடும். தூரத்தில் நின்று பார்த்தாலும் கண்ணுக்குப் படும். ஆகவே இரண்டு விடயத்தைக் கவனியுங்கள். முதலாவது, நாடா ஓரத்தை அடையும் கடைசி ஓர் அங்குலம் நேராகவும் ஓரத்துக்குச் செங்குத்தாகவும் போகட்டும். சரிவாகப் போனால் தையல் ஓரம் ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் கோடு இடம் மாறும். நேராகப் போனால் மாறாது. இரண்டாவது, அந்தக் கடைசி அங்குலத்தை ஒட்டுங்கள், தைக்க வேண்டாம். மறுபடி சூடு காட்டினால் பசை இளகும். இணைப்பதற்குமுன் நாங்கள் அதை எழுப்பி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நகர்த்தி நேர்ப்படுத்தித் தைத்துக்கொள்வோம். பசையால் கிடைக்கும் பெரிய உதவி இதுதான்.

கோலத்தைக் கடதாசியில் வரைந்து, வெட்டுமிடம் ஒவ்வொன்றிலும் மேலா கீழா என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வெட்டில் மேலாகப் போன கோடு அடுத்த வெட்டில் கீழாகப் போக வேண்டும். இந்த ஒழுங்கை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் ஒரு சதுரத்துக்குள் அது எங்குமே முரண்படாது. பிறகு வடிவத்தைத் துணியில் மெல்லிய கோடாகப் பிரதி செய்யுங்கள். நாடாவால் மறையும் கோடுதான் என்றாலும் தோய்த்தால் போகும் சோக்கைப் பாவியுங்கள். சில குறி பேனாக்களின் மை சூடு பட்டால் நிலைத்துவிடும்.

நாடாவை ஒரு சாண் அளவு மட்டும் உரித்து உரித்து வையுங்கள். முழுவதையும் உரித்தால் கையில் ஒட்டிச் சிக்கும். ஸ்திரிக்கைப் பெட்டியைப் பருத்திக்குரிய சூட்டில் வைத்து, ஆவி இல்லாமல், சில விநாடி அழுத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் பயஸ் நாடா இழுபட்டுக் கோணும். முதலில் வேறொரு துண்டில் பரீட்சித்துப் பாருங்கள். வளைவில் உள் ஓரத்தை முதலில் கோட்டில் படியவையுங்கள். வெளி ஓரம் நீண்டு தானாக வந்து படியும். வெளி ஓரத்தை முதலில் பிடித்தால் உள்ளே சுருக்கு விழும். அதை எந்த ஸ்திரிக்கையாலும் போக்க முடியாது. புதிதாகச் செய்பவர்கள் எந்த வளைவின் ஆரத்தையும் 2 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது. இலை நுனிபோல் கூர் வேண்டுமானால், கூரில் நாடாவை நிறுத்தி, ஊசி நுனியால் மடிப்பைப் பிடித்துத் திருப்பி, மடிப்பை அழுத்திவிட்டுத் தொடருங்கள்.

வெட்டுமிடத்துக்கு வந்தால், பின்னர் வரும் நாடா கீழாக நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஒட்டாமல் விடுங்கள். பின்னர் வரும் நாடாவை அந்த வாயில் வழியே நுழைத்து எடுத்தபின் அழுத்தி மூடுங்கள். நாடா முடிந்து புதிது தொடங்க வேண்டுமானால், இரண்டு நுனியும் ஒரு மேல்நாடாவின் அடியில் சந்திக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெளியில் எந்த நுனியும் தெரியக்கூடாது.

தைப்பதற்கு இரண்டு வழி. கையால் தைப்பவர்கள் இரண்டு ஓரத்தையும் மறைதையலால் தையுங்கள். வளைவில் இங்கும் உள் ஓரம் முதல். மெசினில் தைப்பவர்கள் 4 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரட்டை ஊசியைப் பாவிக்கலாம். 6 மில்லிமீற்றர் நாடாவில் இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீற்றர் விட்டு இரண்டு ஓரத்தையும் ஒரே ஓட்டத்தில் தைத்துவிடும். ஊசித் தட்டின் துவாரம் அகலமானதா என்று பார்த்து, முதலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பரீட்சித்தபின் மின்சாரத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஊசியும் ஒன்றாக முறியும். ஊசியில் பசை பிடித்துத் தையல் தவறத் தொடங்கினால், ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் ஊசியைத் துடையுங்கள்.

பஞ்சுப் படையை நீங்கள் வைக்க வேண்டாம். பொலியெஸ்ரர் பஞ்சு ஸ்திரிக்கைச் சூட்டில் உருகித் தட்டையாகிவிடும் என்பதால் ஒட்டும் வேலை எல்லாம் அதற்குமுன் முடிந்திருக்க வேண்டும். சதுரங்கள் வந்து சேர்ந்தபின் அவற்றை இணைத்து, பஞ்சும் அடித்துணியும் வைப்போம். நாடாவின் இருமருங்கிலும் மூன்று படையையும் ஊடறுத்து ஓடும் நூலோட்டத்தை, இப்போது படிக்கும் மாணவிகள் தைப்பார்கள். மனையியல் படிக்கும் பிள்ளைகளோடு இதுபற்றிப் பேசியிருக்கிறோம். கோடு உங்களுடையது, அதைத் தாங்கும் கடைசித் தையல் அவர்களுடையது.

வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்பது எங்கள் வேண்டுகோள். கண் நல்லவர் வரையட்டும், கை நடுங்காதவர் ஒட்டட்டும், மெசின் உள்ளவர் தைக்கட்டும். ஊசி பிடித்தே அறியாத மகளும் மருமகளும் பேத்தியும் இதில் சேரலாம். அவர்கள் முதலில் ஒட்டப் பழகட்டும், தைக்கும் ஆசை பிறகு வரும். ஒரு வகுப்பில் ஐந்து பேர் ஒரு நகரில் இருந்தால் ஒரு பின்னேரத்தில் ஒரு சதுரம் முடிந்துவிடும். தேநீருக்கும் நேரம் மிஞ்சும்.

சதுரத்தின் பின்புறத்தில், தையலுக்குப் போகும் ஓரத்தைத் தவிர்த்து, செய்தவர்களின் பெயரையும் கல்லூரியில் படித்த ஆண்டுகளையும் அழியாத மையால் எழுதுங்கள். திருமணத்துக்கு முந்திய பெயரை எழுதினால் உங்கள் தோழிகளுக்கு உங்களைத் தெரியும். அடித்துணி வைத்தபின் அந்தப் பெயர்கள் உள்ளே மறைந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் படமெடுத்து, வரிசை ஒழுங்கில் ஒரு பதிவேட்டில் சேர்த்து நூலகத்தில் வைப்போம்.

எங்களோடு ஒரே வாங்கில் இருந்து, இன்று இல்லாதவர்களும் இருக்கிறார்கள். சிலர் முதுமையிலும் நோயிலும் போனார்கள். சிலர் போக வேண்டிய வயதிலே போகவில்லை. அவர்களுக்காக யாராவது ஒரு சதுரம் செய்ய விரும்பினால், அவர்களின் பெயரை முதலில் எழுதி, உங்கள் பெயரை அதன் கீழ் எழுதுங்கள். அப்படிக் கேட்டு இதுவரை எங்களிடம் வந்தவர்கள் பலர். நூறு சதுரம் போதாமல் போனால் விளிம்பில் இன்னொரு வரிசை சேர்ப்பதற்கும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

துணி வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் பெயரைப் பதிந்து, பொதியைப் பெற்றுக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கிளைகளுக்குச் செயலாளர் மூலம் அனுப்பிவைப்போம். பக்கத்து மேசையில் ஸ்திரிக்கைப் பெட்டி சூடாக இருக்கிறது. வந்து ஒரு வளைவை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.